மாத்திரை வராத காலத்தில் கன்னியம்மா

போன மாதம் அம்பத்தூரில் ஒரு மருந்துக் கடையில் என் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு இளம்பெண், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. சீட்டை நீட்டினாள். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு ஒரு அட்டை மாத்திரையை எடுத்து வைத்தார். "குறுகுறுன்னு ஆரம்பிச்ச உடனே போட்ருங்க மேடம், லேட் பண்ணாதீங்க" என்றார். "தெரியும்ணா, போன தடவையும் இதுதான்" என்று சொல்லி, பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் ஏறிப் போயே போய்விட்டாள். அவள் குரல் கொஞ்சமும் தணியவில்லை. கடையில் நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முறை வந்தபோது நான் எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அது ஹெர்ப்பிஸ் கொப்புளத்துக்கான மாத்திரை. அட்டையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அவளுக்கு உதட்டில் வந்ததா கீழே வந்ததா என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. என் வேலையின் கடைசி வருடங்களில் அதே மாத்திரையை என் கையாலேயே எத்தனையோ பேருக்கு எண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் நோயாளிகளுக்கு அது வேண்டியிருந்த காலத்தில் அது உலகத்திலேயே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் ஓய்வுபெற்ற நர்ஸ்கள் கூட்டத்தை எட்டிப் பார்க்கும் இளைய நர்ஸ்கள், "மாத்திரையே இல்லாம என்ன மேடம் பண்ணீங்க?" என்று கேட்பார்கள். "உப்புத் தண்ணி" என்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இத்தனை நாள் விட்டுவிட்டேன். அந்த மருந்துக் கடைப் பெண்ணைப் பார்த்த பிறகு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பட்டணத்தில் நர்ஸ் பயிற்சி எடுத்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கழுவினோம், துடைத்தோம், திட்டு வாங்கினோம், தூங்கினோம். தூங்கியதற்கும் திட்டு வாங்கினோம். அறுபதுகளின் நடுவில் எனக்கு ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையில் ராணுவ டாங்கி செய்யும் ஒரு தொழிற்சாலையின் குடியிருப்பு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சின்ன ஆஸ்பத்திரி. ஆண்கள் பக்கம் ஒரு டாக்டர், பெண்கள் பக்கம் ஒரு டாக்டர், நடுவில் மருந்து அறை. மதுரை, திருச்சி, சேலம் என்று எல்லா ஊர்க் குடும்பங்களும் அந்தக் குடியிருப்பில் இருந்தன. சுற்று வட்டாரத்திலிருந்து வேலைக்குச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பேசும் மெட்ராஸ் தமிழ் விழுப்புரத்துக்காரியான எனக்குப் புரிய ஆறு மாதம் பிடித்தது. புரிந்த பிறகு எனக்கு வேறு தமிழே ருசிக்கவில்லை.

பெண்கள் பக்கத்து டாக்டரின் பெயர் சுலோசனா. நாகர்கோவில் பக்கத்துக்காரர். குள்ளம், கறுப்பு, நடை மட்டும் ரயில். நோயாளி திரைக்குப் பின்னால் படுத்திருந்தால், அவர் வெளியே நின்று, "வரட்டுமா அம்மா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து பதில் வராமல் திரையைத் தொடமாட்டார். மற்ற ஆஸ்பத்திரிகளில் பெண்கள் சந்தையில் கட்டிய மாடு மாதிரி வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து வந்த எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. கையைக் கழுவியதும் உடனே தொடமாட்டார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார். படுத்திருப்பவளின் முகம் தெரிகிற பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதலில் முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் புண்ணைப் பார்ப்பார்.

கோபம் வந்தால் சத்தமே வராது. ஒரு நாள் ஆயா ராணி வராந்தாவில் நின்று, "அந்தப் புண்ணு கேஸு எங்கம்மா?" என்று கூவினாள். டாக்டரம்மா எழுந்து போய் அவள் எதிரில் நின்றார்.

"உன் பேரு என்ன?"

"இன்னாம்மா, தெரியாத மாரி கேக்குறீங்க. ராணி."

"அந்தப் பொண்ணுக்கும் ஒரு பேரு இருக்கு, ராணி."

அவ்வளவுதான். திரைக்குள் தெரிந்தது திரையைத் தாண்டக் கூடாது என்பது அன்றிலிருந்து எங்கள் பக்கத்தின் சட்டம் ஆனது. அவர் மாற்றலாகிப் போன பிறகு நான் அவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எத்தனையோ டாக்டர்களிடம் வேலை செய்துவிட்டேன், இன்றைக்கும் "வரட்டுமா அம்மா?" என்ற குரலை ஒருமுறை கேட்டால் போதும் என்று இருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்த வியாதிக்கு ஊருக்குள் இருந்த பெயர் பொம்பளை சீக்கு. என்ன நியாயம் பாருங்கள்! ஆண் எங்கேயோ போய் வாங்கிக்கொண்டு வருவான், வீட்டில் இருக்கிறவளுக்குக் கொடுப்பான், பெயர் மட்டும் பொம்பளை சீக்கு. ஆண்கள் பக்கத்தில் அந்த இடத்தில் புண் என்று யார் வந்தாலும் பென்சிலின் ஊசிதான். கிரந்திப் புண்ணுக்கு, அதாவது சிபிலிஸுக்கு, அது கேட்கும். ஹெர்ப்பிஸுக்கு அது பச்சைத் தண்ணீர். ஆனால் ஹெர்ப்பிஸ் கொப்புளம் தானாகவே உடைந்து தானாகவே காய்ந்துவிடுகிற ஜாதி. ஊசி போட்ட பிறகு காய்ந்தால், ஊசிதான் காய வைத்தது என்று டாக்டரும் நம்பினார், போட்டுக்கொண்டவனும் நம்பினான். அடுத்த மாதம் அது திரும்பி வந்தால் மறுபடி ஊசி. இடையில் வீட்டுக்காரி எங்கள் பக்கம் வந்து நிற்பாள்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். கொதித்து ஆறிய தண்ணீரில் கல் உப்பு. எவ்வளவு உப்பு என்றால், கண்ணீர் கரிக்கிற அளவு. அகலமான பேசினில் ஊற்றி அதில் உட்கார வைப்போம். எழுந்ததும் துடைக்கக் கூடாது. கொதிக்க வைத்துக் காயப்போட்ட பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் விசிறி. ஆமாம், பனை ஓலை விசிறி! ஈரம் முழுக்கப் போகிற வரைக்கும் விசிற வேண்டும். தளர்வான பருத்திப் பாவாடை மட்டும், உள்ளே எதுவும் கூடாது. ஒன்றுக்குப் போகும்போது உயிர் போகிற மாதிரி எரியும், அதனால் மேலிருந்து செம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகச் சொல்லுவோம். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் கிடப்பார்கள், அவர்களை மிரட்டி மோர் குடிக்க வைப்போம். வலிக்கு மாத்திரை. மஞ்சள் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பவுடர் வேண்டாம். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணில் வைக்கக் கூடாது. பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் தெரிகிற வரைக்கும் புருஷன் வேறு பாயில்.

இதில் எதுவும் மருந்து இல்லை. டாக்டரம்மா அதை மறைக்கவும் மாட்டார். "இதைப் போக வைக்க என்கிட்ட மருந்து இல்லம்மா. வர்ற நாளை லேசாக்கித் தர முடியும். அவ்வளவுதான்" என்று நேராகச் சொல்வார்.

கன்னியம்மா முதலில் வந்தது ஒரு கோடைக் காலையில். வேலூர் பக்கமோ திருச்சி பக்கமோ இல்லை, இங்கேயே செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பிறந்தவள். அவள் அம்மா அஞ்சலை நாற்று நடப் போகிறவர். புருஷன் ஏகாம்பரம் காட்டுப்பாக்கத்துக்காரன், தொழிற்சாலையில் லேத் பட்டறையில் வேலை. கன்னியம்மாவால் உட்கார முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரைக்குள் அழைத்துப் போய்ப் படுக்க வைத்தால், பாவாடை முழுக்கச் செக்கச் செவேல் என்றிருந்தது. ரத்தம் என்று நினைத்துப் பதறிவிட்டேன். ரத்தம் இல்லை, காவி.

எங்கள் பக்கத்தில் அக்கி என்று ஒரு கொப்புள நோய்க்குக் குயவரிடம் போவார்கள். அவர் காவியைக் குழைத்து, கொப்புளத்தின் மேல் கோழி இறகால் படம் எழுதிவிடுவார். அக்கி எழுதுவது என்று பெயர். இவளுக்கும் கொப்புளம் அக்கி மாதிரியே கொத்தாக வந்திருக்கிறது. ஆனால் இவள் இடத்தைக் குயவருக்குக் காட்ட முடியுமா? அம்மாவிடம் தொடையில் வந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா குயவரிடம் காவி வாங்கிக் கொடுத்து அனுப்ப, இவள் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி கூட வைத்துக்கொள்ளாமல், பூசிப் பூசி வைத்திருக்கிறாள். புண் சீழ் வைத்துவிட்டது.

டாக்டரம்மா வெளியே நின்று கேட்டார், "வரட்டுமா அம்மா?"

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாத்துக்கு சிஸ்டர் என்னைக் கேக்குறாங்க?"

"நீ சொன்னாத்தான் வருவாங்க."

"வாங்கம்மா" என்றாள். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

காவியை உப்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக நான் ஊற வைத்து எடுத்தேன். அப்போதுதான் மற்றதெல்லாம் வந்தது. அதற்கு முந்தைய வருடம் முதல் பிள்ளை வயிற்றில் இருந்த ஏழாம் மாதத்தில் காய்ச்சலோடு முதல் தடவை கொப்புளம் வந்திருக்கிறது. வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே பேறுகால வலி எடுத்தபோது மறுபடியும் கொப்புளம். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஆண் பிள்ளை நன்றாகத்தான் பிறந்தது. ஒரு வாரம் தாண்டியதும் குழந்தையின் தலையில், முதுகில் நீர்க் கொப்புளம், பால் குடிக்கவில்லை, பிறகு ஜன்னி. அம்மை என்று வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று புதைத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா ஸ்டூலை அவள் முகத்துப் பக்கம் இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். பிறகு, "அடுத்த பிள்ளை உண்டானா முதல் மாசமே என்கிட்ட வந்துரு. வேற யார்கிட்டயும் போகாதே" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் எனக்கு விளக்கினார். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தை வெளியே வரும் வழியிலேயே அதற்கு ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் படித்தாராம், அப்படிப்பட்டவர்களுக்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிடுகிறார்கள் என்று.

ஏகாம்பரத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவன் கைகட்டி நின்றான். "எத்தினி ஊசிம்மா? எத்தினின்னாலும் போட்டுக்கிறேன்" என்றான்.

"ஊசி கிடையாது."

"மாத்திரை?"

"அதுவும் கிடையாது."

"அய்ய, இன்னாம்மா இது! மிலிட்டிரிக்காரனுக்கு டாங்கு செய்றோம், இத்துக்கு ஒரு மாத்திரை இல்லியா?"

எனக்கும் அதே கேள்விதான். டாக்டரம்மா அவனிடம் யார், எங்கே, எப்போது என்று கேட்கவில்லை. ஒரு தடவை வந்தால் உடம்பை விட்டுப் போகாது, உள்ளே தூங்கும், அசதியிலும் காய்ச்சலிலும் எழும், எழுந்தால் என்ன செய்ய வேண்டும், எப்போது மனைவியைத் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னார். கன்னியம்மாவிடம் அவர் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். கொப்புளம் வருவதற்கு முன்னால் உடம்பு ஏதாவது சொல்கிறதா என்று கவனிக்கச் சொன்னார்.

கவனித்தாள். அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. "எறும்பு ஊறுது சிஸ்டர், இடது தொடையில ஆரம்பிச்சி மேல ஏறுது. நாளைக்கு வந்துடும் பாரு" என்பாள். மறுநாள் வந்துவிடும். எறும்பு ஊறியதும் ஏகாம்பரம் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவான். தண்ணீர் காய்ச்சுவதும் அவன்தான், சோறு வடிப்பதும் அவன்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கும் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் என்னிடம் அவள் சொன்னாள்: "கதவுக்கு அந்தாண்ட அவரு இருமுறது கேக்கும் சிஸ்டர். எனக்கும் தூக்கம் வராது, அவருக்கும் வராது. எட்டு அடி தூரத்துல கீறோம், இன்னாமோ சிங்கப்பூருக்குப் போன மாரி ஏக்கமா கீது."

அந்தப் பேச்சில் வெட்கமே இல்லை. எனக்குத்தான் முகம் சுட்டது.

வருடம் ஓடியது. அவளுக்கு அடுத்தது உண்டாகவில்லை. புண் பார்க்க வரும் சாக்கில் பிரசவ வார்டுக்குள் நுழைந்துவிடுவாள். யாருடைய தொட்டிலாவது ஆடாமல் நின்றால் போதும், போய் ஆட்டிவிட்டு வருவாள். "கெளம்பு கெளம்பு, இன்னா வேடிக்கை!" என்று ராணி விரட்டுவாள். விரட்டிவிட்டு, அவள் போன பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

எழுபதுகள் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "தள்ளிப்போச்சு சிஸ்டர்" என்றாள். எங்கள் டாக்டரம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன், பல்லெல்லாம் தெரிய.

திட்டம் தெளிவாக இருந்தது. வலி எடுத்ததும் எங்களிடம் வர வேண்டும். விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். புண் இல்லை என்றால் இங்கேயே சாதாரணப் பிரசவம். இருந்தால், பனிக்குடம் உடைவதற்குள் எங்கள் வேனில் பட்டணத்துப் பெரிய பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன். அங்கே இருந்த தன் சிநேகிதியிடம் டாக்டரம்மா முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் வளையலை மறந்துபோனோம்! ஏழாம் மாதம் வளையல் போட்டால் பெண் தாய் வீட்டுக்குப் போக வேண்டும். தாய் வீடோ செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. அங்கிருந்து வலியோடு கிளம்பி பஸ் பிடித்துப் பூந்தமல்லி வந்து, அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்வதற்குள் பிள்ளை பஸ்ஸிலேயே பிறந்துவிடும். போகாதே என்றால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் அந்தப் பெண் ஊரில் தலை காட்ட முடியாது.

வளையல் விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல், புளிச்சோறு, தயிர்ச்சோறு, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். கன்னியம்மா மனையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து அஞ்சலையம்மா மகளின் துணிகளை மூட்டை கட்டினார். அப்போது ஏகாம்பரம் சொன்னான், "அத்தே, அவ எங்கியும் வரல. இங்கியே இருக்கட்டும்."

அஞ்சலையம்மா மூட்டையோடு நிமிர்ந்தார்.

"இன்னா மாப்ளே சொல்றீங்க?"

"அனுப்ப மாட்டேன் அத்தே."

அவனுடைய மாமா ஒருவர் குதித்தார். "டேய், இன்னாடா பேசற? பொண்ணைக் குடுத்தவங்களுக்கு மருவாதி இல்லியா?" என்றார். அஞ்சலையம்மா மூட்டையை அப்படியே கீழே போட்டார். "என் பொண்ணுக்கு ஒரு பேறு பாக்க எனக்கு வக்கில்லியா? மொத புள்ள என் ஊட்டுல செத்துச்சின்னு தானே மாப்ளே அனுப்பமாட்டேன்றீங்க? மெய்தான். என் கைராசி அப்டி" என்றார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் திரையைத் தாண்டக் கூடாது. கல் மாதிரி நின்றேன்.

ஏகாம்பரம் மாமியாரைக் கொல்லைப்பக்கம் குழாயடிக்குக் கூப்பிட்டான். "சிஸ்டர், நீயும் வா" என்றான். அங்கே துணி துவைக்கிற கல்லின் மேல் அவரை உட்கார வைத்துவிட்டு, அவர் எதிரில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"உன் கைராசி இல்ல அத்தே. ஆத்தாவும் இல்ல. எனக்கு ஒரு சீக்கு கீது. கல்யாணத்துக்கு அப்பால ஒரு வாட்டி தப்பு பண்ணிட்டேன், அதுல வந்துச்சி. நான்தான் அவளுக்குக் குடுத்தேன். அவகிட்டருந்து புள்ளைக்குப் போச்சு. புள்ளைய சாவடிச்சது நான்தான்."

அஞ்சலையம்மா அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மெய்யா சிஸ்டரு?"

சொன்னவனே அவன்தான். இனி நான் மறைக்க ஒன்றுமில்லை. "மெய்தாம்மா" என்றேன். புண் இருந்தால் என்ன ஆகும், எங்கள் திட்டம் என்ன என்று சொன்னேன். ஓங்கி அறைவார் என்று எதிர்பார்த்தேன், அவனும் எதிர்பார்த்துத்தான் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். அவரோ என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "அப்போ என் ஊட்டுல ஒரு கொறையும் இல்லியா சிஸ்டரு? நான் தீட்டோட அடுப்பாண்ட போனேன், அதான் ஆத்தா கோச்சிக்கினான்னு இத்தினி வருசமா நெருப்பைக் கட்டிக்கினு கீறேன். அது இல்லியா?"

"இல்லம்மா. உங்க மேல ஒண்ணுமே இல்ல."

அப்புறம்தான் அழுதார். அழுது முடித்துக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, மருமகனிடம், "ஏந்துரு. பெரிய மனுசன் மாரி ஏந்துரு" என்றார். அதுவரை நீங்க வாங்க என்றிருந்தவர், அன்றிலிருந்து அவனை ஒருமையில்தான் அழைத்தார். பந்தலுக்கு வந்து எல்லோரும் கேட்கச் சொன்னார்: "பொண்ணுக்கு ரத்தம் கம்மியாம். டாக்டரம்மா அசையக் கூடாதுன்னுட்டாங்க. அதச் சொல்லத் தெரியாம இந்தப் புள்ள ஒளறுது. நான் இங்கியே குந்திக்கினு பேறு பாக்கப் போறேன், யாருக்கின்னா?" யாருக்கும் ஒன்றுமில்லை.

வலி எடுத்தது ஒரு வெயில் மதியம். அதற்கு முதல் நாளே எறும்பு ஊறிவிட்டது. விளக்கைப் பிடித்தவள் நான். கடுகு அளவில் ஒரு சின்னக் கொத்து, இடது பக்கம். எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் தொண்டைக்கு வந்தது. இன்றைக்கென்றால் கடைசி மாதம் முழுக்க தினமும் அந்த மாத்திரையைக் கொடுத்து, அது எழும்பாமலே பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு என் கையில் இருந்தது விளக்கு மட்டும்தான். டாக்டரம்மா நிமிர்ந்து, "வண்டி" என்றார்.

அம்பத்தூர் வழியாகப் போனோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போனது. கன்னியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பனிக்குடம் ஒடையக் கூடாது, ஒடையக் கூடாது" என்று முனகிக்கொண்டே வந்தாள். ஏகாம்பரம் கீழே இறங்கி, ரயிலைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பனிக்குடம் உடையவில்லை. பட்டணத்து டாக்டர் மேசையைத் தயாராக வைத்திருந்தார். பெண் குழந்தை. பிறந்ததும் கத்திய கத்தலில் வெளியே இருந்த அஞ்சலையம்மா எழுந்து நின்றுவிட்டார்.

என்னை அங்கேயே கூட இருக்கும்படி டாக்டரம்மா விட்டுப் போனார். போகும்போது கன்னியம்மாவிடம் அழுத்திச் சொன்னார், மார்பில் புண் இல்லை, கையைக் கழுவிக்கொண்டு தாராளமாகக் குழந்தையை எடுக்கலாம், பாலும் கொடுக்கலாம் என்று. அவள் தலையாட்டினாள். ஆனால் எடுக்கவில்லை. குழந்தையைப் பக்கத்தில் கொண்டுபோனால் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள்.

"மொத புள்ளைய கீழயே எறக்கல சிஸ்டர். நெஞ்சு மேலயே போட்டுக்கினு இருந்தேன். அது செத்துச்சி. இத்த நான் தொடமாட்டேன். காயட்டும்" என்றாள்.

எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. பால் கட்டி ரவிக்கை நனைந்தது. அவள் பீய்ச்சிக் கொடுத்த பாலை நான் பாலாடைச் சங்கில் புகட்டினேன். அவள் கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டு, "கண்ணு தொறந்துக்கீதா? மூக்கு யாரு மாரி? ஒடம்புல கொப்புளம் கீதா பாரு, நல்லா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவ்வளவு ஆசையை ஒரு முகத்தில் நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

இரவும் பகலும் குழந்தை என்னிடம்தான் இருந்தது. அஞ்சலையம்மா கேட்டாலும், "நீங்க தூங்குங்கம்மா" என்று நானே வைத்துக்கொள்வேன். எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளையும் இல்லை. ஏன் என்பது வேறு கதை. எத்தனையோ குழந்தைகளை இந்தக் கையில் வாங்கித் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். இது ஒன்றுதான் என் வாசனை தெரிந்து என் பக்கம் திரும்பியது. நான் நகர்ந்தால் சிணுங்கியது. என் விரலைப் பிடித்தால் விடாது. இது என்னுடையது என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. தப்பு என்று தெரியும். வந்துவிட்டது, என்ன செய்ய?

ஒரு காலையில் கன்னியம்மா கூப்பிட்டாள். "காஞ்சிடுச்சா பாரு சிஸ்டர்."

குழந்தையை அஞ்சலையம்மாவிடம் கொடுத்துவிட்டு, திரையை இழுத்து, விளக்கை வைத்துப் பார்த்தேன். பொருக்கு உதிர்ந்து இளம் தோல் பளபளவென்று இருந்தது. நான் சொன்னால்தான் அவள் நம்புவாள், வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டாள். இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று சொன்னால், அந்த ஒரு நாளும் குழந்தை எனக்கு. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"காஞ்சிடுச்சு கன்னியம்மா. சுத்தமா காஞ்சிடுச்சு" என்றேன்.

தையல் வலியோடு அவளே எழுந்து குழாய் வரைக்கும் நடந்தாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடி போட்டுக் கழுவினாள். வந்து கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். நான் அஞ்சலையம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கி அவள் கையில் வைத்தேன். குழந்தை சிணுங்கி என் பக்கம் திரும்பியது. பிறகு பால் வாசனை தெரிந்து அவள் பக்கம் திரும்பியது, திரும்பியதுதான்.

கன்னியம்மா சத்தமே இல்லாமல் அழுதுகொண்டு குனிந்திருந்தாள். நான் அங்கேயே நின்றிருந்தேன். என் கை மடங்கியது மடங்கியபடியே இருந்ததை அஞ்சலையம்மா பார்த்துவிட்டார்.

"இன்னா சிஸ்டரு, கை வலிக்குதா?" என்றார். "ராப்பகலா நீதானே தூக்கிக்கினு இருந்தே."

"ஆமாம்மா, வலிக்குது" என்றேன்.